இரண்டு டப்பாவும் என்னுடையதுதான்

போபோடி, புணே
அக்டோபர் 9

அன்பு மகள் அலினாவுக்கு அம்மா எழுதுவது. கர்த்தர் கிருபையால் அப்பா சுகம். நான் சுகமா என்பதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம், ஆகவே பதறாமல் முழுதும் படி. நீயும் மெர்வினும் ஜோபின் குட்டியும் உன் வயிற்றில் இருக்கிற சின்னதும் நலமாக இருக்க வேண்டும் என்று காலையும் மாலையும் ஜெபிக்கிறேன். தினமும் வீடியோவில் முகம் பார்க்கிறோமே, கடிதம் எதற்கு என்று கேட்பாய். போனில் பேசினால் என் வாய் எதையாவது சொல்லிச் சமாளித்துவிடும், அது உனக்குத் தெரிந்ததுதான். காகிதம் என்றால் நடுவில் பேச்சை மாற்ற முடியாது. உனக்குத் தமிழ் எழுத்துக்கூட்டித்தான் வரும், மெர்வினுக்கு அதுவும் வராது, இன்றைக்கு அது எனக்கு வசதி. நீ முதலில் படி, அவரிடம் எவ்வளவு சொல்வது என்பதை நீயே பார்த்துக்கொள்.

நம் மாடியில் குடியிருக்கிற கோயம்புத்தூர்ப் பிள்ளைகள் ஹரிபிரசாத்துக்கும் அவன் மனைவி மீனுவுக்கும் ராத்திரிச் சாப்பாடு நம் அடுப்பிலிருந்துதான் போய்க்கொண்டிருந்தது என்று உனக்குத் தெரியும். போன வருஷம் அவனுக்கு டைபாய்டு வந்தது, இந்த ஜூனில் அவளுக்கு. குற்றவாளியைக் கண்டுபிடிக்க எனக்கு ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. நாற்சந்திச் சௌக்கில் பானிபூரி விற்கிற லல்லன்தான் என்று தீர்ப்பு எழுதி, குடையும் கையுமாகப் போய், அவன் வாடிக்கைக்காரர்கள் எதிரிலேயே என் இந்தியில் கிருமிகளைப் பற்றி ஒரு வகுப்பு எடுத்துவிட்டு வந்தேன். முப்பத்தொரு வருஷம் டீச்சராக இருந்தவள் குரல் லேசில் அடங்குமா? தட்டைக் கீழே வைத்துவிட்டு எல்லோரும் நழுவிவிட்டார்கள். அந்த வாரம் முழுக்க அவன் தள்ளுவண்டியில் ஈதான் மொய்த்தது.

ஜூலையில் ஓர் ஆராய்ச்சி நிலையத்திலிருந்து தீப்தி என்று ஒரு பெண் வந்தாள், மராட்டிப் பெண், உன்னைவிட இரண்டு வயது சிறியவள். டைபாய்டுக் கிருமி எங்கே ஒளிந்திருக்கிறது என்று தேடுகிறார்கள். மனிதர்களை மட்டும் பார்த்தால் போதாதாம், சாக்கடைத் தண்ணீர், ஆற்றுத் தண்ணீர் பாய்ச்சி வளர்க்கிற கீரை, எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தால்தான் அது நடமாடுகிற வழி தெரியுமாம். கேட்டதும் எனக்குப் புல்லரித்துப் போயிற்று. யாரும் கேட்காமலேயே அவளுக்கு உதவியாளராகிவிட்டேன். பாலக் கீரை விற்கிறவளைக் காட்டிக்கொடுத்தேன், லல்லனின் தண்ணீர் டிரம்மைக் காட்டிக்கொடுத்தேன், ஆற்றங்கரை வரை நடந்து ஐஸ் பெட்டியைச் சுமந்தேன். தீப்தி சேறு ஒட்டாமல் நடக்க, நான் முழங்கால் வரை பூசிக்கொண்டு வந்தேன் என்று அப்பா இன்றைக்கும் சொல்லிச் சிரிக்கிறார். முடிவு வந்தது. லல்லனின் தண்ணீர் சுத்தம். பாலக்கும் சுத்தம். நம் வீட்டுப் பின்புறச் சாக்கடையில் எடுத்த பாட்டில்களில் மட்டும் ஒன்று தவறாமல் அந்தக் கிருமி. கல்யாணத்துக்கு முன் நாம் விசாரிக்கிற மாதிரி, இது எந்த வீட்டுக் கிருமி, யாருக்குச் சொந்தம் என்று அவர்களும் விசாரிக்கிறார்கள். மீனுவின் ரத்தத்தில் இருந்ததும் சாக்கடையில் இருந்ததும் ஒரே குடும்பமாம். ஊருக்கெல்லாம் குறி சொல்லுமாம் பல்லி, தான் போய் விழுமாம் கழுநீர்ப் பானையில் துள்ளி. அந்தப் பல்லிக்கு அப்போதும் உறைக்கவில்லை, மீனு சரியாகக் கை கழுவுவதில்லை என்று தீப்தியிடம் கோள் சொன்னேன்.

அதற்கப்புறம் வீட்டில் உள்ள எல்லோருடைய மலத்தையும் பரிசோதிக்க வேண்டும் என்று ஆளுக்கொரு சின்ன டப்பா கொடுத்துவிட்டுப் போனாள். மாடிப் பிள்ளைகள் கொடுத்தார்கள், நானும் கொடுத்தேன். அப்பாவைப் பற்றித்தான் தெரியுமே, ஆஸ்பத்திரியில் நாக்கை நீட்டச் சொன்னாலே வெட்கப்படுகிற மனுஷன். ஒரு மணி நேரம் உள்ளே இருந்துவிட்டு, டப்பாவைச் சுத்தமாகக் கழுவித் துடைத்துக் கொண்டுவந்து, வரலெ என்றார். மறுநாளும் வரலெ. அதற்கடுத்த நாள் காலையில் தீப்தி வந்துவிடுவாள். வருகைப் பதிவேட்டில் ஒரு கட்டம் காலியாக இருந்தாலே எனக்குத் தூக்கம் பிடிக்காது. ஒரே பானைச் சோறு, ஒரே சட்டிக் குழம்பு, முப்பத்தெட்டு வருஷமாக இரண்டு பேருக்கும் ஒரே உப்பு, இதில் என்ன பெரிய வித்தியாசம் வந்துவிடப்போகிறது என்று அவருடையதிலும் நானே கொடுத்து, அழகான கையெழுத்தில் ஆர்தர், வயது 68 என்று எழுதி ஒட்டியும் விட்டேன். சிரிக்காதே. சிரித்தாலும் பரவாயில்லை, இதற்குப் பிறகு சிரிக்க அதிகம் இல்லை.

மாடிப் பிள்ளைகளுக்கு ஒன்றும் இல்லை. பெட்டி என்கிற எனக்கு இருந்தது, ஆர்தருக்கும் இருந்தது. சிலருக்குக் காய்ச்சல் வந்து போனபின் கிருமி பித்தப்பையில் தங்கிவிடுமாம், வருஷக்கணக்கில் அவர்களுக்கு ஒன்றும் செய்யாதாம், ஆனால் அவர்கள் கையால் சமைத்ததைச் சாப்பிடுகிறவர்களுக்குப் போய்ச் சேருமாம். சின்ன வயதில் எனக்கு டைபாய்டு வந்து தலைமுடி கொட்டிய கதையை நானே உனக்குச் சொல்லியிருக்கிறேன். தீப்திக்கு எங்களைப் பார்க்க வருத்தம்தான், ஆனாலும் அவள் கண் மின்னியதையும் பார்த்தேன். புருஷன் பெண்டாட்டி இரண்டு பேரிடமும் அச்சாக ஒரே கிருமி இருப்பது மிகவும் அபூர்வமாம், கட்டுரையில் எழுதலாம் என்றாள். இரண்டு பேருக்கும் நான்கு வாரம் மாத்திரை. நான் வாயைத் திறக்கவில்லை. மாத்திரைதானே, சத்துக்கு ஆகட்டும் என்று விட்டுவிட்டேன். மூன்றாவது வாரம் அப்பா நொண்ட ஆரம்பித்தார். கட்கி ஸ்டேஷன் மேம்பாலத்தில் பாதிப் படியில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார். வயதானவர்களுக்கு இந்த மாத்திரை குதிகால் நரம்பைப் பிடிக்கும், உடனே நிறுத்துங்கள் என்று டாக்டர் சொன்னார். வீட்டுக்கு வந்து வெந்நீர் ஒத்தடம் கொடுத்துக்கொண்டே உண்மையைச் சொல்லிவிட்டேன். அவர் என் கையிலிருந்த ஒத்தடத் துணியை வாங்கிக் கீழே வைத்தார். அப்புறம், ஏட்டி, சோறு நீ போட்டே, சட்டை நீ எடுத்தே, யாராவது காப்பியா டீயான்னு கேட்டா அதுக்கும் நீதான் பதில் சொன்னே, கடைசியில இதையுமா எனக்குப் பதிலா நீயே குடுத்தே என்றார். கோபம் இல்லை அந்தக் குரலில். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. தீப்தியிடம் சொன்னபோது அவள் தலையில் கைவைத்து, ஆன்ட்டி, யே ஆப்னே க்யா கியா, என்ன காரியம் செய்துவிட்டீர்கள் என்று கேட்டுவிட்டு அழுவதா சிரிப்பதா தெரியாமல் உட்கார்ந்திருந்தாள். அபூர்வம் ஒன்றும் இல்லை, அங்கே இருந்தது ஒரு முட்டாள் டீச்சர்தான். அப்பா பிறகு தானே மூன்று முறை கொடுத்தார், மூன்றும் சுத்தம். கால் இப்போது நன்றாக இருக்கிறது. லல்லனிடமும் போய் மன்னிப்புக் கேட்டேன், அவன் ஒரு தட்டு நீட்டினான், அத்தனை பேர் பார்க்க நின்று தின்றேன்.

இனிமேல்தான் சொல்ல முடியாததைச் சொல்ல வேண்டும். ஜனவரியில் ஜோபினுக்கு வந்த காய்ச்சல். கிறிஸ்மஸுக்கு இங்கே வந்துவிட்டுக் கால்கரி திரும்பிப் பத்து நாளில் டைபாய்டு என்று ஆஸ்பத்திரியில் சேர்த்தீர்களே, அப்போது விமானத்தில் கொடுத்த ஜூஸ் ஐஸ்தான் காரணம் என்று நான் அடித்துச் சொன்னேன். நீ அன்றைக்கு அனுப்பிய ரிப்போர்ட் என் போனில் இருந்தது, தீப்தியிடம் காட்டினேன். எந்த மருந்துக்குச் சாகிறது, எதற்குச் சாகவில்லை என்ற பட்டியல் உங்கள் கிருமியோடு ஒத்துப்போகிறது, ஆனால் உறுதியாகச் சொல்ல முடியாது ஆன்ட்டி என்றாள். என்னை நோகடிக்காமல் சொல்கிறாள் என்று தெரிந்தது. ஸ்பூனில் கொடும்மா என்று நீ எத்தனை முறை சொன்னாய். ஸ்பூனில் பாசம் ஒட்டுமா என்று உன் வாயை அடைத்துவிட்டு, தயிர்ச்சோற்றைப் பிசைந்து உருட்டி உருட்டி அவன் வாயில் வைத்தவள் நான். ஆறு நாள் அந்தப் பிஞ்சுக் கையில் ஊசியோடு படுத்திருந்தான். அது நான் கொடுத்தது, அலினா. என்னை மன்னித்துவிடு.

மாத்திரை முடிந்தும் என்னிடம் கிருமி போகவில்லை. பித்தப்பையில் கல் இருக்கிறது, அதற்குள் பதுங்கிக்கொள்கிறதாம். நவம்பர் 18 அன்று பித்தப்பையை எடுக்கிறார்கள், சின்ன ஆபரேஷன்தான், பயப்படாதே. அதற்குப் பிறகு மாதம் ஒன்றாக மூன்று முறை சுத்தம் என்று வர வேண்டும். உன் பிரசவத்துக்கு நான் இருக்க மாட்டேன். எதுவும் சொல்லாமல் இந்த மாதம் 20ஆம் தேதி விமானம் ஏறிவிடலாம், கையை நன்றாகத் தேய்த்துக் கழுவிக்கொண்டால் போகிறது என்று இரண்டு நாள் நினைத்தேன், அதையும் மறைக்கவில்லை. அம்மா, நீ வந்தால் போதும், எனக்கு வேறெதுவும் வேண்டாம் என்று நீ சொன்னது காதிலேயே இருந்தது. மூன்றாம் நாள் நானே டிக்கெட்டை ரத்து செய்தேன்.

பிறகு லோஹேகாவுக்குப் போன் போட்டு உன் மாமியார் மேரியிடம் பேசினேன். ஆம், நானேதான். அவர்கள் வைக்கிற மீன்குழம்பைப் பற்றி நான் பேசாத பேச்சு உண்டா? எல்லாவற்றையும் ஒளிக்காமல் சொல்லி, எனக்குப் பதில் நீங்கள் போக முடியுமா என்று கேட்டேன். சபை முழுக்கச் சொல்லிவிடுவார்கள் என்று பயந்துகொண்டேதான் கேட்டேன். அவர்களோ, அண்ணி, இதுக்கெல்லாம் அழுவாங்களா, எம்பேரப்பிள்ளையும்தானே அது, விசா இருக்கு, நான் போறேன் என்றார்கள். கருப்பட்டி உளுந்தங்களி எப்படிக் கிண்டுவது என்று இரண்டு வருஷமாகக் கேட்டுக்கொண்டிருந்தார்கள், நானும் சுக்கின் அளவை மட்டும் மாற்றிச் சொல்லி ஏமாற்றி வந்தேன். அன்றைக்குச் சரியான அளவைச் சொல்லிவிட்டேன். இப்போது நம் வீட்டில் அப்பாதான் சமையல், மாடிப் பிள்ளைகள் வேறு ஏற்பாடு செய்துகொண்டார்கள். நான் கையைக் கட்டிக்கொண்டு சமையலறை வாசலில் நின்று உத்தரவு போடுகிறேன். அவர் ரசத்தைக் குடித்து உயிரோடு இருக்கிறவளுக்கு ஆபரேஷன் ஒரு பொருட்டா?

ஜோபினுக்கும் ஒருமுறை பரிசோதனை செய்துவிடச் சொன்னாள் தீப்தி, இந்த வாரமே செய், மறந்துவிடாதே. பனியில் வழுக்கி விழுந்துவிடாமல் நட, இரும்பு மாத்திரையை நிறுத்தாதே. என் மூன்று ரிப்போர்ட்டும் சுத்தமாக வந்தாலும், நீ வா என்று சொன்னால்தான் வருவேன். பாவம் பார்த்து உடனே சொல்லாதே, யோசித்துச் சொல். கர்த்தர் உன்னையும் உன் பிள்ளைகளையும் தம் சிறகின் கீழ் வைத்துக் காப்பாராக, சுகப்பிரசவம் தருவாராக. மேரி அண்ணி சமைத்துப் போடுவதைக் குறை சொல்லாமல் வயிறாரச் சாப்பிடு, நன்றாக இருக்கிறது என்று அவர்களிடம் வாய்விட்டுச் சொல். உண்மையாகவே நன்றாக இருந்தால், என்னிடம் மட்டும் சொல்லாதே.

என்றும் உன்னை நினைத்திருக்கும்
அம்மா
பெட்டி ஆர்தர்