அம்மா அறை ஜன்னல் கொக்கி

ஆடி மாசம், செவ்வாய்க்கிழமை.

என் மனைவி மரகதத்துக்கு நல்ல காற்று வேண்டும், ஜன்னலைத் திறந்தே வையுங்கள் என்று வேலூர் டாக்டர் சொல்லிவிட்டார். அவள் இருமலோடு படுத்திருக்கும் அறையின் ஒரே ஜன்னலை அப்பா செங்கல் வைத்துப் பூசியிருந்தார். நான் வெளியூரில் இருந்தபோது, அம்மா இதே இருமலில் அங்கேதான் போனாள். அவளுக்குக் காற்றுகூட விடாமல் அடைத்த மனுஷன் என்று, அப்பா சாகும்வரை நான் அவரோடு முகம் கொடுத்துப் பேசவில்லை.

இன்று கொத்தனார் செங்கலைப் பெயர்த்தார். உள்ளே பழைய கதவு, கொக்கி எல்லாம் அப்படியே இருந்தன.

"இன்னா மேஸ்திரி, கொக்கி மாட்ற வளையம் நூலாட்டம் தேஞ்சிருக்கு! எத்தினி வாட்டி மாட்டிக் கழட்டினாங்களோ!" என்றார். எனக்கு ஒன்றும் புரியவில்லை.

சாயங்காலம் சந்தோஷமாகத் திறந்து வைத்தேன். எதிரே எங்கள் தோல் ஷாப்பின் பதனிடும் குழிகள். அங்கே மேஸ்திரியாக வேலை செய்து எனக்கு மூக்கு செத்து வருஷக்கணக்காகிறது. நாற்றம் நினைவிலேயே இல்லை. மரகதம் குடலைப் பிடுங்குவதுபோல வாந்தி எடுத்தாள்.

"மூடிடுங்க."

மூடினேன். கொஞ்ச நேரத்தில் அவளுக்கு மூச்சு முட்டியது.

"தொறந்துடுங்க."

காற்று திசை மாறிவிட்டதா என்றுகூட எனக்குத் தெரிவதில்லை. பேசவே மூச்சில்லாதவளைத்தான் கேட்கவேண்டியிருக்கிறது. அப்பாவும் அதே ஷாப்பில்தான் இருந்தார். அவரும் அம்மாவை இப்படித்தான் கேட்டுக் கேட்டு, மாட்டிக் கழற்றி, கடைசியில்தான் செங்கல்...

இதை எழுத உட்கார்ந்து ஐந்து தரம் எழுந்துவிட்டேன். கொக்கி, தேய்ந்த இடத்தில் தானாகவே போய் உட்காருகிறது.

கூப்பிடுகிறாள். திறக்கவா, மூடவா, தெரியவில்லை.