மேலே போன முதல் வெடி

பார்க் எக்ஸ்டென்ஷனில் இன்று தெரு முழுக்க நத்தார் மரங்கள் கிடக்கின்றன. கிறிஸ்துமஸ் முடிந்ததும் இழுத்து வந்து பனிக்குள் எறிந்துவிட்டார்கள். மெட்ரோவுக்குப் போகிற வழியில் ஒன்றை மிதித்துவிட்டேன். அந்தப் பச்சை வாசம் கிளம்பியதும் அப்படியே நின்றுவிட்டேன், மச்சான். நீ கண்ணை மூடி ஒரு பனிக்காலம் கழிந்துவிட்டது.

இந்த மரங்களில் ஒரு கொப்பை முறித்துக் கம்பளித் தொப்பியில் செருகிக்கொண்டுதான் நீ சென்ட் லோரன்டுக்கு வேலைக்கு வருவாய். பஸ்ஸில் சனம் திரும்பித் திரும்பிப் பார்க்கும். உனக்கென்ன வெட்கம். அமெரிக்கா பிறந்த புதிதில் மாசசூசெட்ஸ் விவசாயிகள் இப்படித்தான் செருகினார்கள் என்பாய்.

அந்தக் கதை இருந்த புத்தகம் நீ நூலகத்தில் எடுத்தது. உனக்கு ஆங்கிலம் ஓடாது. ஞாயிறு காலையில் உடுப்புத் தோய்க்கிற கடையில், மெஷின் சுற்றி முடியும் வரைக்கும் நான் வாசித்துத் தமிழில் சொல்ல வேண்டும். அரசனுக்கு எதிராகச் சண்டை பிடித்து வென்று ஊர் திரும்பியவர்கள் அவர்கள். வந்து பார்த்தால் வரி, கடன், மாட்டையும் காணியையும் பறிக்கிற நீதிமன்றம். துவக்கைத் தூக்கிக்கொண்டு போய் நீதிமன்ற வாசலை மறித்தார்கள். பிறகு பனிக்குள்ளால் ஆயுதக் கிடங்கைப் பிடிக்க நடந்தார்கள். அங்கே காவலுக்கு நின்றதும் அயலூர்க்காரர்தான், சிலர் பழைய தோழர்கள். ஆளை ஆள் பிரித்தறியத்தான் இவர்கள் தொப்பியில் கொப்பு. பீரங்கியின் முதல் வெடிகள் தலைக்கு மேலால் போயின. விவசாயிகள் திரும்பவில்லை. அடுத்தது நேரே வந்தது.

"விசரங்கள். முதல் வெடியோட ஓடியிருக்கலாமே" என்றேன். எனக்கு உண்மையிலேயே கோபம் வந்தது.

நீ மெஷினையே பார்த்துக்கொண்டிருந்தாய். "அண்ணையும் ஓடேல்லை" என்றாய்.

அவ்வளவு காலம் ஒரே அறையில் இருந்தும், உனக்கு ஓர் அண்ணன் இருந்ததே எனக்குத் தெரியாது. ஊரில் இயக்கங்கள் ஒன்றை ஒன்று வேட்டையாடிய நாட்களில் நடந்தது அது. மற்ற இயக்கம் உங்கள் முகாமை வளைத்தபோது, கதைத்துச் சரிக்கட்டலாம் என்று வெறுங்கையோடு வெளியே போனவர் அவர். எதிரே நின்றவன் அவரோடு பந்தடித்தவன்.

"எங்கட பெடியள்தானே, சுடமாட்டாங்கள் எண்டவர். முதல் வெடி மேல போச்சு. அண்ணை திரும்பி என்னைப் பாத்துச் சிரிச்சவர், மச்சான். பாத்தியோ எண்ட மாதிரி. பேந்தும் முன்னுக்கு நடந்தார்."

மெஷின் நின்றது. நாங்கள் உடுப்பை எடுக்கவில்லை.

"அவங்கள் திரும்பாத இடத்தை இன்னொருக்கா வாசி" என்றாய். "ஊரில எல்லாரும் அண்ணையை மடையன் எண்டவை. இவங்களும் அப்பிடித்தானே நம்பினவங்கள்."

அதற்குப் பிறகு எத்தனை ஞாயிறு அந்தப் பக்கத்தையே வாசித்தேனோ. சில நாள் அலுத்துப்போய் உன்னைத் திட்டியும் இருக்கிறேன். உன் அண்ணனுக்குத் துணையாக நாலு பேர் உனக்கு வேண்டியிருந்தது. பாவம், அவர்களையும் நீ அவ்வளவு தூரம் போய்த்தான் தேட வேண்டியிருந்தது.

போன கிழமை தமிழ்க் கடையில் ஒருவர் என்னை மறித்து, "எங்கட ஆக்கள்தானே அண்ணை, வாங்கோ ஒரு தேத்தண்ணி குடிப்பம்" என்றார். நல்ல மனிதர், முகம் நிறையச் சிரிப்பு. நான் முதலில் பார்த்தது அவருடைய கைகளை.