மொட்டை மாடியில் வரைந்து பார்த்த மூன்று வீடுகள்

அன்பு மகளுக்கு, கடவுள் கிருபையில் நானும் அப்பாவும் நன்றாக இருக்கிறோம், அவருடைய முழங்கால் மட்டும் மாடிப்படியைக் கண்டால் முறைத்துக்கொள்கிறது. உன் உடம்பும் மனசும் நலமாயிருக்க காலைப் பிரார்த்தனையில் முதலில் உன்னைத்தான் சொல்கிறேன்.

நீ அனுப்பிய மூன்று ஊர் ஃபிளாட்டுகளின் வரைபடமும் வந்தது. தாளில் பார்த்து எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை, அதனால் டேப்பும் சாக்பீஸும் எடுத்துக்கொண்டு மொட்டை மாடிக்குப் போய் ஒவ்வொன்றாக நிஜ அளவில் தரையில் வரைந்துவிட்டேன். மலையடிவார ஊர் வீடு விலை மலிவுதான், ஆனால் சமையலறையில் நான் நின்றால் கதவு திறக்காது, அதைக் கழித்துவிட்டோம். தண்ணீர்த் தொட்டி பார்க்க வந்த பிளம்பர் குறுக்கே நடந்து வர, உன் அப்பா அவரை நிறுத்தி, சுவத்துக்குள்ள வர்றீங்களே தம்பி, வாசல் அந்தப் பக்கம் என்றார். பாவம், அவரும் சுற்றிக்கொண்டு வந்து செருப்பை வேறு வெளியே கழற்றிவிட்டார்.

துறைமுக ஊர் வீட்டில்தான் வம்பு. ஆயிரத்து நூறு சதுர அடி என்று எழுதியிருக்கிறது, நான் எல்லா அறையையும் கூட்டினால் எழுநூற்று எண்பதுதான் வருகிறது. என் கணக்குதான் தப்பு என்று இரண்டு தரம் அழித்து வரைந்தேன். உன் அப்பா, நல்லா தேடிப் பாரு, கட்டிலுக்கு அடியில கிடக்கும் என்கிறார். கடைசியில் விற்பவருக்கே போன் போட்டேன். மீதி எல்லாம் படிக்கட்டு, லிஃப்ட், நடைவழியில உங்க பங்கும்மா என்றார். அப்போ லிஃப்ட்ல என் சாய்வு நாற்காலியப் போட்டுக்கலாமான்னு கேளு என்று பக்கத்திலிருந்து ஒரு குரல், நான் போனை வைத்துவிட்டேன்.

உன் வேலை இருக்கிற ஊரில் ஒற்றைப் படுக்கையறை, அதே விலைக்குத் துறைமுக ஊரில் இரண்டு, ஒண்ணு உங்களுக்கும்மா என்று எழுதியிருந்தாய். வெள்ளிக்கிழமை துறைமுக வீட்டுக்கு முன்பணம் கட்டப்போவதாகவும் எழுதியிருந்தாய். அந்த அறைக்குள் நானும் அப்பாவும் படுத்தும் பார்த்தோம் கண்ணு, நல்ல அறை. ஆனால் என் நோட்டில் ஐந்து வருஷமாக நாங்கள் உன்னிடம் வந்து தங்கிய நாளெல்லாம் குறித்திருக்கிறது, வருஷத்துக்குப் பதினெட்டு நாள் தாண்டவில்லை. பதினெட்டு நாளுக்காக நீ பகலெல்லாம் ஆய்வகத்தில் நின்றுவிட்டு, துறைமுக ஊரிலிருந்து தினமும் போக வர நாலு மணி நேரம் ரயிலிலும் நிற்பாயா? இதைப் படித்துக் காட்டியபோது உன் அப்பா கேலி எதுவும் செய்யவில்லை, வேணாம்னு எழுது என்றார்.

ஒற்றை அறை வீட்டையே வாங்கு. நாங்கள் வந்தால் கூடத்தில் படுத்துக்கொள்வோம், அவர் குறட்டைக்கு நீதான் கதவைச் சாத்திக்கொள்ள வேண்டும். வெள்ளிக்கிழமைக்குள் துறைமுகத்துக்காரரிடம் இல்லை என்று சொல்லிவிடு. இந்த ஒற்றை அறை வீட்டுக்கும் சுவருக்குள் எத்தனை சதுர அடி என்று எழுதி வாங்காமல் கையெழுத்துப் போடாதே. சொந்தக் கூரைக்குக் கீழே நீ நிம்மதியாகத் தூங்க ஆண்டவன் அருளட்டும். சாயங்காலம் நீ பேசும்போது பின்னால் ரயில் சத்தம் இல்லாமல் உன் குரல் மட்டும் எங்களுக்குக் கேட்டால் போதும்.

என்றும் உன் நினைவாகவே இருக்கும்,
அம்மா