வைகுண்டம் போன செய்தி

கிரீஸ்
12 மார்ச் 1945

அன்புள்ள செண்பகத்துக்கு,

உடம்பு நன்றாக இருக்கிறது. உனக்கும் அப்படியே இருக்கட்டும்.

பட்டாளம் தங்கியிருக்கும் ஊரின் பெயரை எழுதக்கூடாது. எழுதினால் தணிக்கைக்காரர் மை பூசிவிடுவார். துறைமுகம். கடல் மேற்கே. அவ்வளவு சொல்லலாம். இங்கே கப்பல் கரையை ஒட்டியே வந்து நிற்கிறது. தூத்துக்குடி போல நடுக்கடலில் நிறுத்திவிட்டுத் தோணிக்குக் காத்திருக்க வேண்டாம். நான் அலுவலகத்தில் தட்டச்சு செய்கிறேன். துப்பாக்கியைத் தொட்டு மாதங்கள் ஆகின்றன.

எங்களுக்கு மொழிபெயர்க்கும் கிரேக்கன் ஒருவன் இருக்கிறான். என் வயது. அவன் தம்பி போரில் செத்துவிட்டான். தம்பி எங்கே என்று தெரியாமல் கேட்டேன். கடலைக் காட்டினான். உலகத்தின் மேற்கு ஓரத்தில் எலிசியம் என்று ஒரு வெளி இருக்கிறதாம். இவர்கள் சர்ச்சுக்குப் போகத் தொடங்குவதற்கு முந்திய நம்பிக்கை. பனி இல்லை. பெருமழை இல்லை. கடலிலிருந்து மேல்காற்று மட்டும் வீசிக்கொண்டே இருக்கும். தேவர்களுக்கு வேண்டியவர்கள் சாகாமலேயே அங்கே போய்விடலாம். ஒரு ராஜாவுக்கு அப்படி இடம் கிடைத்ததாம். வீரத்துக்காக அல்ல. தேவர்களின் தலைவனுக்கு மாப்பிள்ளை என்பதால்.

நான் சிரித்துவிட்டேன். மாமனார் தயவில் சொர்க்கம். அவனுக்குப் புரியவில்லை. உனக்குப் புரியும்.

உன் அப்பாவின் மளிகைக் கடையில் ஐந்து வருஷம் உட்கார்ந்திருந்தேன். "இந்தச் சோத்துக்குத்தான் பி.ஏ. படிச்சீரா?" என்று சங்கு குளிக்கிறவர்கள் நடுவே அவர் கேட்ட அன்று எழுந்து வந்து பட்டாளத்தில் சேர்ந்தேன். மூன்று வருஷம் ஆகிறது. அவரைப் பற்றி நான் விசாரிக்கவில்லை. நீ எழுதினால் வாசிப்பேன்.

உன்
செந்தில்வேல்


தூத்துக்குடி
22 ஏப்ரல் 1945

அன்புள்ள அத்தானுக்கு,

கடிதம் கிடைத்தது. தணிக்கைக்காரர் மை எதுவும் பூசவில்லை. நாமே பூசிக்கொள்கிறோம் என்று அவருக்குத் தெரிந்திருக்கும்.

மேல்காற்றா சொர்க்கத்தில்? அந்தக் கிரேக்கரை ஆனி மாதம் நம் தெருவில் ஒருநாள் நிற்கச் சொல்லுங்கள். சோற்றுப் பானையைத் திறந்தால் மண். கண்ணைத் திறந்தால் மண். மேல்காற்று எழும்பினால் நாம் கதவைச் சாத்துகிறோம். அவர்கள் அதற்காகச் செத்துப் போகிறார்களா?

அப்பா கடிதத்தை வாசிக்கச் சொன்னார்கள். சில வரிகளை விட்டுவிட்டு வாசித்தேன். மாப்பிள்ளை ராஜா கதை வந்ததும், "ஏளா, இது நமக்குப் போட்ட குத்துல்லா" என்று சிரித்தார்கள். சிரிப்பு இருமலாகிவிட்டது. வைத்தியர் எபனேசர், உப்புக் காற்றும் புழுதியும் ஆகாது, ஊரை விட்டு வெளியே தங்க வேண்டும் என்கிறார். அப்பா கேட்கமாட்டேன் என்கிறார்கள். "மாப்ள வார நேரம் கட பூட்டிக் கெடந்தா நல்லாவா இருக்கும்?" இதுதான் பதில்.

நான் எதுவும் கேட்கவில்லை. மூன்று வருஷம் என்று நீங்கள்தான் எழுதினீர்கள். எனக்கு அதற்கு மேல் ஆகிறது.

தங்கள்
செண்பகம்


தூத்துக்குடி
6 மே 1945

அன்புள்ள அத்தானுக்கு,

வெள்ளிக்கிழமை காலை அப்பா வைகுண்டம் போய்விட்டார்கள். இருமல் தாங்கவில்லை. கிளம்பும் நேரத்திலும் உங்கள் பெயரைத்தான் சொன்னார்கள். பெரியப்பா மகன் சொரிமுத்து அண்ணன் வந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டான். கடையைப் பூட்டியிருக்கிறோம். கார்டில் இடமில்லை. விவரம் பிறகு.

தங்கள்
செண்பகம்


கிரீஸ்
10 ஜூன் 1945

அன்புள்ள செண்பகம்,

கார்டு வந்தது. இரண்டு நாள் எதையும் ஒழுங்காகத் தட்டச்சு செய்ய முடியவில்லை. எழுத்துகளை வரிசை மாற்றி அடித்தேன்.

மாமா போய்விட்டார் என்று எழுதிப் பார்க்கிறேன். நம்ப முடியவில்லை. என் பெயரைச் சொன்னார் என்கிறாய். அதை இன்னும் நம்ப முடியவில்லை.

உன்னிடம் சொல்லாத ஒன்று. கல்யாணமான மறுவருஷம் எனக்கு விஷக்காய்ச்சல் வந்ததே. மாமா பத்து நாள் கடைக்குப் போகாமல் பக்கத்தில் உட்கார்ந்து ஓலை விசிறியால் வீசினார். வேட்டியை மாற்றிவிட்டார். நான் மயங்கிக் கிடப்பதாக எல்லோரும் நினைத்தீர்கள். பாதி நாள் எனக்கு நினைவு இருந்தது. கண்ணைத் திறந்தால் ஏதாவது சொல்ல வேண்டியிருக்கும். மூடியே கிடந்தேன்.

அவர் கடையில் சொன்னது ஒரு வாக்கியம். மூன்று வருஷம் ஊருக்கு வராமலேயே நான் அதற்குப் பதில் சொன்னேன்.

கடற்கரைக்குப் போய் மேற்கே பார்த்தேன். அந்த வெளியில் அவருக்கு இடம் கிடைக்க வேண்டும். ராஜாக்களைவிட அவருக்குத் தகுதி உண்டு. அங்கே அவர் முன் நின்றால் கண்ணைத் திறந்து பேசுவேன்.

ஐரோப்பாவில் சண்டை முடிந்துவிட்டது. விடுதலை கேட்டு எழுதிக் கொடுக்கிறேன். வந்து கடையைத் திறக்கிறேன். இனி வருவதற்கு எனக்குத் தடையில்லை. அழாதே.

உன்
செந்தில்வேல்


ஸ்ரீவைகுண்டம்
15 ஜூலை 1945

அன்புள்ள அத்தானுக்கு,

மேலே ஊர்ப் பெயரைப் பாருங்கள். ஸ்ரீவைகுண்டம். சொரிமுத்து அண்ணன் வீடு. அப்பா இங்கேதான் இருக்கிறார்கள். உயிரோடு. ஆற்றங்கரைக் காற்றில் இருமல் கொஞ்சம் தணிந்திருக்கிறது.

நம் தெருவில் யாரும் இந்த ஊரை முழுப் பெயரோடு சொல்வதில்லை. வைகுண்டம் போனார் என்றால் பஸ் ஏறினார் என்று அர்த்தம். மூன்று வருஷத்தில் உங்களுக்கு ஊர் மறந்துவிட்டது. சொர்க்கம்தான் ஞாபகம் இருக்கிறது. நம் வீட்டில் யார் செத்து வைகுண்டம் போனார்கள்? சிவலோகப் பதவி என்றுதானே எழுதுவோம்? நிதானித்திருந்தால் உங்களுக்கே தெரிந்திருக்கும்.

கடிதத்தை முழுதாக வாசித்தேன். இந்தத் தடவை ஒரு வரியும் விடவில்லை. காய்ச்சல் வந்த இடத்தில் அப்பா, "அத இன்னொருக்க வாசி" என்றார்கள். வாசித்தேன். பிறகு, "முழிச்சிதான் கெடந்தாருன்னு எனக்கும் தெரியும்ளா. கண்ணு உருண்டுதே" என்றார்கள்.

"மேக்காத்து அடிக்க எடத்துல எனக்கு எடம் போட்டிருக்காரு. இருமலுக்கு ஆகாதுன்னு எழுது." அண்ணன் விழுந்து விழுந்து சிரித்தான். அப்பா சிரிக்கவில்லை. "வேண்டாம்ளா, ஒண்ணும் எழுதாத. செத்தவனுக்குத்தான் மாப்ள வருவாருன்னா நான் செத்தவனாவே இருந்துட்டுப் போறேன். அவரு வந்து எறங்கட்டும்."

எழுதாமல் இருந்திருக்கலாம். நீங்கள் வந்திருப்பீர்கள். வாசலில் அப்பா நின்றிருப்பார்கள். அப்போது உங்கள் முகம் மாறுவதைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். அந்தக் கடிதத்தில் இருந்ததில் ஒரு வரி, ஒரே வரி, அப்பா பெயருக்கு எழுதுங்கள். தாணுலிங்க நாடார், ஸ்ரீவைகுண்டம். வந்து சேரும்.

தங்கள்
செண்பகம்


கிரீஸ்
2 அக்டோபர் 1945

அன்புள்ள செண்பகத்துக்கு,

கடிதம் கிடைத்தது. மாமா நலமாக இருப்பது அறிந்து மகிழ்ச்சி.

இங்கே வேலை முடியவில்லை. இன்னும் ஓராண்டு இருக்க ஒப்புக்கொண்டு கையெழுத்திட்டுவிட்டேன்.

ஜூன் மாதம் நான் எழுதிய கடிதத்தைத் திருப்பி அனுப்பிவிடு. அது வேறொரு நிலையில் எழுதியது. எல்லோருக்கும் வாசித்துக் காட்டியிருக்க வேண்டாம்.

செந்தில்வேல்


தூத்துக்குடி
24 பிப்ரவரி 1946

அத்தானுக்கு,

தை இருபதாம் தேதி அப்பா சிவலோகப் பதவி அடைந்தார்கள். இந்தத் தடவை சந்தேகத்துக்கு இடமில்லாமல் எழுதியிருக்கிறேன்.

உங்கள் அக்டோபர் கடிதத்தை அவர்களுக்கு வாசிக்கவில்லை. தபால்காரர் வந்ததைப் பார்த்துவிட்டார்கள். "எனக்கு ஏதும் போட்டிருக்காரா?" "இல்லப்பா." "வேல சாஸ்தியா இருக்கும்." அதற்குப் பிறகு ஜூன் கடிதத்தை வாசிக்கச் சொல்வார்கள். எத்தனை தடவை என்று நினைவில்லை. கடைசியில் எனக்குத் தாள் வேண்டியிருக்கவில்லை.

அந்தக் கடிதத்தைத் திருப்பி அனுப்ப முடியாது. வாய்க்கரிசி போட்ட பிறகு மடித்து அப்பா மடியில் வைத்தேன். "என்னளா அது?" என்றான் அண்ணன். "அத்தான் கடுதாசி" என்றேன். யாரும் தடுக்கவில்லை. செத்தவருக்கு எழுதியது. அவரிடம் போய்ச் சேர்ந்துவிட்டது.

கடையைத் திறந்துவிட்டேன். நானே உட்காருகிறேன். முதல் இரண்டு நாள் சங்கு குளிக்கிறவர்கள் தெருவிலேயே நின்றார்கள். மூன்றாம் நாள் அற்புதமணி என்பவர், "தங்கச்சி, கருப்பட்டி" என்று படியேறி வந்தார்.

இப்போது உங்கள் வழியில் யாரும் நிற்கவில்லை. ஆனால் இங்கே நான் உயிரோடு இருக்கிறேன். அப்படி இருப்பவர்களுக்கு என்ன எழுதுவது என்று உங்களுக்குத் தெரிந்தால் எழுதுங்கள். செத்த பிறகு என்னைப் பற்றி நன்றாக எழுதுவீர்கள். அதை யார் எனக்கு வாசிப்பார்கள்?

வருவதானால் ஆனிக்குள் வாருங்கள். மேல்காற்று எழும்பியதும் இந்தத் தெருவில் கதவைச் சாத்திவிடுவோம்.

செண்பகம்