அம்மாவுக்கு ஒரு விண்ணப்பம்

சகாதா
18 அக்டோபர் 1998

அன்புள்ள அம்மாவுக்கு,

பருவத்தைச் சொல்லாமல் கடிதம் தொடங்கினால் மொழி ஆசிரியை மதிப்பெண் குறைப்பார். ஆகவே: மொகாமி ஆற்றுக்கு அன்னங்கள் வந்துவிட்டன. நேற்று வரை எண்ணூற்றுப் பன்னிரண்டு.

அப்பா நலம். அவர் சோயா விழுது கரைத்து வைக்கும் மிசோ சூப்தான் உப்புக் கரிக்கிறது. சொன்னால், "மீன் சந்தைக்காரன் வச்ச சூப்பு கடல் மாதிரிதான் இருக்கும், குடி" என்கிறார்.

வகுப்பில் உங்களைப் பற்றிக் கட்டுரை வாசித்தேன். நம் நகரக் குடிநீர் அலுவலகப் பொறியாளரான என் அம்மாவை, நம் நாட்டு உதவி முகமை இரண்டு ஆண்டுகளுக்கு லாவோஸ் அனுப்பியிருக்கிறது என்று தொடங்கினேன். இரும்புக் கம்பியைத் தெருவில் ஊன்றி, அதன் மறுமுனையில் காதை வைத்து, மண்ணுக்குள் குழாய் எங்கே ஒழுகுகிறது என்று கண்டுபிடிப்பார் என்று எழுதியிருந்தேன். பின்வரிசை தொகாஷி, "எங்கம்மா கம்பியே இல்லாம நான் எங்க ஒளிஞ்சிருக்கேன்னு கண்டுபிடிச்சிருவாங்க" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். நானும்தான்.

நுழைவுத் தேர்வு மார்ச்சில். ஏப்ரல் எட்டாம் தேதி உயர்நிலைப் பள்ளியில் தொடக்க விழா. அதற்குள் நீங்கள் வந்துவிடுவீர்கள்.

உங்கள் மகள்,
ஷியோரி


சவன்னகேத்
2 நவம்பர் 1998

என் அன்பு ஷியோரிக்கு,

இங்கே மழை நின்று தெருக்கள் காய்ந்துவிட்டன. ஒழுகல் தேட நல்ல காலம். என்னிடம் வேலை பழகும் புவாவானுக்கு உன் கட்டுரையைச் சொன்னேன். "தொகாஷியோட அம்மாவை இங்க வேலைக்கு அனுப்பச் சொல்லுங்க அக்கா" என்றாள்.

ஒரு செய்தி. இன்னும் ஓராண்டு என்னைத் தரும்படி இந்த ஊர்க் குடிநீர் அலுவலகம் விண்ணப்பித்திருக்கிறது. நம் முகமையின் வழக்கம் உனக்குத் தெரியும். தேவை கண்ணெதிரே தெரிந்தாலும், உதவி வேண்டுபவர்களே விண்ணப்பிக்காமல் ஒரு குழாய்த் துண்டுகூடப் போகாது. தங்கள் தரப்பில் என்ன செய்வோம் என்றும் அதில் எழுத வேண்டும். இவர்கள் எல்லாம் எழுதிவிட்டார்கள். ஆண்டு முடிவதற்குள் நான் பதில் சொல்ல வேண்டும். உனக்குச் சம்மதமா?

அன்புடன்,
அம்மா


சகாதா
15 நவம்பர் 1998

அன்புள்ள அம்மாவுக்கு,

முதல் பனி விழுந்தது. எனக்கு ஒரு குறையும் இல்லை. உங்களுக்குச் சரியென்று படுவதைச் செய்யுங்கள். விழாவில் தொகாஷியின் அம்மா என்னையும் சேர்த்துப் படம் எடுப்பதாகச் சொல்லியிருக்கிறார்.

ஷியோரி


சவன்னகேத்
27 நவம்பர் 1998

என் அன்பு ஷியோரிக்கு,

எவ்வளவு பக்குவமாக எழுதியிருக்கிறாய்! மனம் லேசாயிற்று. டிசம்பர் கடைசியில் சம்மதம் என்று எழுதிவிடுகிறேன். தொகாஷியின் அம்மாவுக்கு என் நன்றி.

அம்மா


சகாதா
8 டிசம்பர் 1998

அம்மா,

இன்று பருவம் கிடையாது.

உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு அப்பா மீன் வெட்டிய கையோடு வந்து என் முன்னால் உட்கார்ந்தார். "ஏண்டி, சம்மதம்னா எழுதினே?"

"அம்மாவுக்கே தெரியும்னு நினைச்சேன்."

"உங்கம்மா மண்ணுக்கடியில ஒழுகுறதக் கண்டுபிடிப்பா. எதிர்ல நாம முகத்தத் தூக்கி வச்சிருந்தா, பல்லு வலியான்னு கேப்பா. இருபது வருஷம் குடும்பம் நடத்துறேன், எனக்குத் தெரியாதா? விண்ணப்பம் போடு. போட்டாதான் நகரும்."

ஆகவே முறைப்படி:

விண்ணப்பதாரர்: ஹொன்மா ஷியோரி, வயது பதினைந்து.
வேண்டுவது: அம்மா.
காலம்: மார்ச் முடிவிலிருந்து. முடிவுத் தேதி நிரப்பப்படவில்லை.
காரணம்: இரண்டு ஆண்டுகள் எல்லாம் சரியாக இருப்பதாக எழுதிவந்தேன். சரியாக இல்லை. தேர்வை நினைத்தால் பயமாக இருக்கிறது. அப்பாவிடம் சொல்ல முடியாத விஷயங்கள் இருக்கின்றன.
எங்கள் தரப்பில் செய்வது: சூப் இனி நான் வைப்பேன்.

அந்த ஊர்க்காரர்களுக்கும் நீங்கள் தேவை என்று தெரியும். அதனால்தான் முதலில் எழுதவில்லை. ஆனால் அவர்கள் விண்ணப்பித்தார்கள், நான் விண்ணப்பிக்கவில்லை. அது சரியில்லை என்று தோன்றியது.

ஷியோரி


சவன்னகேத்
21 டிசம்பர் 1998

என் ஷியோரிக்கு,

'ஒரு குறையும் இல்லை' என்று நீ எழுதியதை நம்புவது எனக்கு வசதியாக இருந்தது. பிழை என்னுடையது.

உன் விண்ணப்பத்தைப் புவாவானிடம் வரி வரியாகச் சொன்னேன். சிரித்தாள், பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "ஒண்ணு சொல்லவா அக்கா? நீங்க பக்கத்துல நின்னா என் காதை நான் நம்பறதே இல்ல. உங்க மூஞ்சியத்தான் பாக்குறேன்" என்றாள். மறுநாள் நான் அலுவலகத்திலேயே இருந்துகொண்டு அவளைத் தனியே அனுப்பினேன். சந்தைத் தெருவில் மூன்று இடங்களில் தோண்டச் சொன்னாள். மூன்றிலும் தண்ணீர் இருந்தது. ஓராண்டு நீட்டிப்புக்குப் பதிலாக, அவளை ஒரு மாதம் நம் நகர அலுவலகத்துக்குப் பயிற்சிக்கு அனுப்பும்படி இவர்கள் புதிதாக எழுதுகிறார்கள்.

உன் விண்ணப்பம் ஏற்கப்பட்டது, ஒரு திருத்தத்துடன். சூப் மட்டும் போதாது. 'வேண்டும் என்றால் வேண்டும் என்றே சொல்வேன்' என்று சேர்த்து அனுப்பு.

அம்மா


சகாதா
4 ஜனவரி 1999

அன்புள்ள அம்மாவுக்கு,

ஆற்றில் இன்று அன்னங்கள் ஆயிரத்து நானூறு.

சேர்த்துவிட்டேன். உடனே பயன்படுத்தவும் செய்கிறேன்: நீங்கள் வரும் நாளில் ரயில் நிலையத்திலிருந்து டாக்ஸி பிடிக்கக் கூடாது. நாங்கள் வந்து நிற்போம். புவாவான் அக்கா நம் வீட்டில்தான் தங்க வேண்டும். தொகாஷியின் அம்மாவிடம், படம் எடுக்க எனக்கு ஆள் வந்தாயிற்று என்று சொல்லிவிட்டேன்.

சூப் இன்று உப்பே இல்லாமல் போயிற்று. அப்பா இரண்டு கிண்ணம் குடித்தார்.

ஷியோரி