ஜெற்றியில உங்கட பேர் போட்ட பலகை

இஞ்சாருங்கோ,

இப்பிடிக் கூப்பிட்டால் பேப்பரை இறக்கிப்போட்டு, "என்னப்பா, இப்ப ஆரில சந்தேகம்?" எண்டு கேப்பியள். அப்பிடிக் கேக்கிறதுக்கு நீங்கள் இல்லாமல் ஒரு வருசமாகுது. ஆட்டைத் திவசத்துக்கு ஒரு மலர் அடிக்கினமாம், ஏதாவது எழுதித் தரட்டாம். உங்கட அண்ணர் கேட்டவர். நாலு பேர் படிக்கப்போகினம் எண்டு தெரிஞ்சுதான் எழுதுறன். படிக்கட்டும்.

என்ர முதல் சந்தேகமே உங்கட அண்ணரிலதான். முப்பத்தொராம் நாளுக்கு அடிச்ச கல்வெட்டுப் புத்தகத்தில நீங்கள் பிறந்த ஊர் இருந்தது, படிச்ச பள்ளிக்கூடம் இருந்தது, ஒஸ்லோவில பஸ் ஓடினது, கோயில் வேலையளுக்கு முன்னுக்கு நிண்டது எல்லாம் இருந்தது. கடலைப் பற்றி ஒரு வரி இல்லை.

"அண்ணை, இந்த மனுசன் சனி ஞாயிறெண்டால் தூண்டில் தடியோட கடற்கரையில நிண்டவர். அதை ஏன் விட்டனீங்கள்?" எண்டு கேட்டனான்.

"அது பிள்ளை, பொழுதுபோக்கு. கல்வெட்டில மீன் பிடிச்ச கதை எழுதினால் சனம் என்ன நினைக்கும்?"

என்ன நினைக்கும் எண்டு அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். நாங்கள் இன்ன ஆக்கள், எங்களுக்கும் மீனுக்கும் சட்டியில மட்டும்தான் சொந்தம் எண்ட கதை யாழ்ப்பாணத்தில இருந்து எங்களோடயே பிளேன் ஏறி வந்து, லோறென்ஸ்கூக்கில வீடும் வாங்கிப்போட்டுது. அதுதான் கல்வெட்டில விட்டதை இதில எழுதுறன்.

பியோர்ண்டாலில நாங்கள் குடியிருந்த காலத்தில, கீழ வள்ளம் கட்டுற ஜெற்றியில எங்கட பெடியள் வாளி நிறையச் சின்னத் தொர்ஸ்க் மீன் பிடிச்சுக்கொண்டு வருவினம். நீங்கள் அவையளோட போய் நிண்டு பழகினீங்கள். மற்றவைக்கு அது கறி. உங்களுக்கு என்ன பிடிச்சுதோ தெரியாது, போகப் போக மீனைப் பிடிக்கிறதிலும் பாக்கத் திருப்பி விடுறதில உங்களுக்கு ஆசை கூடிப்போச்சு. தூண்டில் முள்ளில மீன் கழராமல் பிடிக்கிற கொளுவியைக் குறட்டால நசுக்கி விடுவியள், மீனுக்குக் காயம் பெருக்கக்கூடாது எண்டு. கையைத் தண்ணியில நனைச்சுப்போட்டுத்தான் மீனைத் தொடுவியள். பிடிச்ச மீனை விட்டிட்டு வெறுங்கையோட வாற மனுசனை நான் அதுக்கு முதல் கண்டதில்லை. எங்கை போட்டு வாறார் எண்டு பாக்க மகள் ஆரணியை ஒரு நாள் உங்களோட அனுப்பினதும் அதாலதான். அவள் வந்து, "அம்மா, அப்பா மீனோட கதைக்கிறார்" எண்டாள்.

பிறகு வலை இழுக்கத் தொடங்கினியள். ஆரோ போட்டுத் துலைச்ச வலையள் கடலுக்கடியில கிடக்கும், போட்டவன் மறந்தாலும் வலை மறக்காது, வருசக்கணக்கா நண்டையும் மீனையும் பிடிச்சுப் பிடிச்சுச் சாக்காட்டிக்கொண்டிருக்கும் எண்டு நீங்கள்தான் எனக்கு விளங்கப்படுத்தினது. வசந்தம் வந்தால், கயிற்றில இரும்புக் கொழுக்கியைக் கட்டி அடியில இழுத்து இழுத்து, ஊத்தை வலையளைக் கார் டிக்கியில கொண்டு வந்து, வீடு முழுக்க நாற வைப்பியள். பெடியளிட்டைச் சின்ன மீனை விடச் சொல்லிச் சண்டை பிடிச்சனீங்கள். நோர்வேக்காரரிட்டையும் அதே சண்டைதான். பள்ளிக்கூடப் பிள்ளையளைக் கூட்டிக்கொண்டு போய்ப் பிடிக்கவும் பழக்கி, விடவும் பழக்கினீங்கள். அந்த மார்கழியில கடல் பொங்கி எங்கட சனத்தைக் கொண்டுபோன பிறகு அண்ணர் கேட்டவரெல்லே, "கடல் எங்களைத் திண்டுபோட்டுது, நீ கடலைக் காப்பாத்தப்போறியோ?" எண்டு. நீங்கள் அடுத்த சனிக்கிழமை வழமை மாதிரிப் போனனீங்கள்.

இனி ஊட்வாருக்கு வாறன்.

படிக்கிற ஆக்களுக்காகச் சொல்லுறன்: ஊட்வார் எண்டவர் அந்தப் பக்கத்து மீன்பிடிக் கழகத்தின்ர தலைவர். நெட்டை மனுசன், பென்சன் எடுத்தவர், சின்ன வள்ளமொண்டு வைச்சிருக்கிறார். அந்த வள்ளத்திலதான் நீங்கள் இரண்டு பேரும் வலை இழுக்கப் போறனீங்கள்.

அதுக்கு முதல் ஒரு நாள் ஜெற்றியில இரண்டு மீன்பிடி அதிகாரியள் வந்து உங்கட கார் டிக்கியைத் திறக்கச் சொன்னவை. தமிழன் ஒருத்தன் மீன் பிடிச்சுக் கடையளுக்கு விக்கிறானெண்டு ஆரோ ரெலிபோன் பண்ணியிருக்கினம். திறந்தால் அழுகின வலையும் பாசியும். அவையள் மூக்கைப் பொத்திக்கொண்டு போட்டினம். நீங்கள் அதை வீட்டில வந்து சிரிச்சுச் சிரிச்சுச் சொன்னனீங்கள். பக்கத்தில நிண்ட ஆரணிக்குச் சிரிப்பு வரேல்லை. எனக்கும் வரேல்லை.

"ஆர் சொல்லிக் குடுத்தது?" எண்டன்.

"ஆராயிருந்தால் என்னப்பா, ஒண்டும் இல்லையெண்டு பாத்திட்டினம்தானே."

"ஊட்வார்தான்."

"உனக்கு விசர்" எண்டிட்டுக் குளிக்கப் போட்டியள்.

நீங்கள் எங்களை விட்டுப் போன பிறகு, பனி கரையிற நேரம், அந்த ஊட்வார் கேக்கும் பூவுமா எங்கட வீட்டு வாசலில வந்து நிக்கிறார். தேத்தண்ணி குடுத்தன். கழகம் உங்களுக்கு வாழ்நாள் கௌரவம் குடுக்கப்போகுதாம். கடலுக்கும் தூண்டில் மீன்பிடிக்கும் நீங்கள் செய்த வேலைக்காக. கூட்டம் வைச்சு ஒரு பட்டயம், ஜெற்றியில உங்கட பேரும் படமும் போட்டு ஒரு பலகை. சொல்லிக்கொண்டு வந்தவர் இடையில நிப்பாட்டிக் கண்ணைத் துடைச்சார்.

அவர் போனோடன ஆரணி என்னில பாய்ஞ்சாள். "அம்மா, அந்த மனுசன் அழுகுது. நீங்கள் பொலிஸ் மாதிரி முகத்தைப் பாத்துக்கொண்டிருக்கிறியள்."

"அழுறவையெல்லாம் நல்லவை எண்டு ஆர் சொன்னது? உயிரோட இருக்கேக்க ஒரு பூ குடுக்காத ஆக்கள் இப்ப ஏன் கேக்கோட வருகினம்?"

என்ர சந்தேகம் பிழைக்கேல்லை. கொஞ்ச நாளால பலகையில வரப்போற வசனம் ஆரணிக்கு மெயிலில வந்தது. தமிழ் இருந்தது, உருது இருந்தது, வியட்நாம் பாசை இருந்தது. அவையின்ர நொர்ஸ்க் மட்டும் இல்லை! தமிழிலயும், "சிறிய மீனை எடுக்காதே" எண்டு ஏதோ நாயைக் கலைக்கிற மாதிரி ஒரு வசனம். அதுக்குப் பக்கத்தில உங்கட சிரிச்ச முகம் வரப்போகுதாம். அதாவது, எங்கட சனத்தை ஏசுறதுக்கு உங்களைக் காவல் வைக்கப்போகினம்.

ஊட்வாருக்கு ரெலிபோன் எடுத்து வரச் சொன்னன். வந்தார். அவரோட கதைச்சது நொர்ஸ்க்கில. என்ர நொர்ஸ்க் உங்களுக்குத் தெரியும்தானே, கோவம் வந்தால் வலு திறமா வரும்.

"இதில உங்கட பாசை எங்கை?" எண்டு கேட்டன்.

"நோர்வேக்காரருக்கு இதெல்லாம் தெரியும், கௌரி."

"தெரிஞ்ச ஆக்கள் துலைச்ச வலையளைத்தானே என்ர மனுசன் வசந்தம் முழுக்க இழுத்தவர்? அதில ஒரு வலையாவது தமிழன்ர வலையோ?"

"இல்லை" எண்டார்.

"அப்ப பலகை ஆருக்கு?"

நிர்வாகத்தோட கதைக்கிறன் எண்டு சொல்லிப்போட்டு எழும்பிப் போட்டார். கதைக்கமாட்டார் எண்டு நினைச்சன். படம் குடுக்கிறேல்லை எண்டு முடிவெடுத்தன். ஆரணி அழுதாள். "அப்பாவுக்கு ஒருத்தரும் ஒண்டும் செய்யேல்லை எண்டு சொல்லுறதும் நீங்கள். செய்ய வாறவையைக் கலைக்கிறதும் நீங்கள்." அவள் சொன்னது உண்மைதான். அந்தக் கிழமை எனக்குப் பயமாவும் இருந்தது. என்ர வாயால உங்கட பேர் இல்லாமல் போனால்? அதுக்காகக் கண்ட வசனத்துக்குக் கீழ உங்களை நிறுத்தலாமோ?

கூட்டத்துக்குக் கூப்பிட்டவை. ஸ்ட்ரோம்மனில வாங்கின கறுத்தச் சப்பாத்தைப் போட்டு, நீல நூல் சீலையை உடுத்துக்கொண்டு, படத்தைக் கைப்பைக்குள்ள வைச்சுக்கொண்டு போனன். குடுக்கிறதோ விடுறதோ எண்டு முடிவில்லை. போய்ப் பாத்தால் கடைசி வரிசையில உங்கட அண்ணர், கோட் சூட்டோட! வெள்ளையள் கௌரவிக்கினம் எண்டோடன மீன் கதை மரியாதையான கதையாகிப்போச்சு.

ஊட்வார் எழும்பினார். கையில பேப்பர் ஒண்டும் இல்லை.

"ஒரு வசந்தத்தில சிவா என்ர வீட்டுக் கதவைத் தட்டினவர்" எண்டு உங்களைப் பற்றித் தொடங்கினார். "கையில ஒரு பழைய வலை. அதின்ர மிதப்புக் கட்டையில என்ர பேர் இருந்தது. நான் துலைச்சுப்போட்டுத் தேடாமல் விட்ட வலை. தேடாமல் விடக்கூடாது எண்டு கழகத்தில எல்லாருக்கும் சொல்லித் திரிஞ்சவன் நான். சிவா, இதை ஒருத்தரும் காணேல்லை எண்டு மட்டும் சொல்லிப்போட்டுக் கோப்பி கேட்டார். எனக்கு வெக்கம். வெக்கம் கோவமா மாறிச்சுது. அடுத்த கிழமை நான்தான் ரெலிபோன் எடுத்து, அவர் மீன் விக்கிறார் எண்டு சொன்னனான். அது பொய்."

ஊட்வார் என்ர பக்கம் திரும்பினார்.

"அவருக்கு அது நான்தான் எண்டு தெரியும். பிறகு கண்டபோது ஒண்டைத்தான் கேட்டவர், சனிக்கிழமை வள்ளம் கிடைக்குமோ எண்டு. அதுக்குப் பிறகு ஒவ்வொரு வசந்தமும் நாங்கள் ஒண்டாப் போனனாங்கள்."

நான் சொன்னது சரியெண்டு இத்தினை வருசத்துக்குப் பிறகு தெரியுது. சந்தோசப்பட வேணுமெல்லே? ஒரு துளி சந்தோசம் வரேல்லை. கோவம் உங்களிலதான் வந்தது. தெரிஞ்சுகொண்டே எனக்கு விசர் எண்டு சொல்லிப்போட்டுக் குளிக்கப் போனனீங்கள்! அந்த மனுசன் வீட்டுக்கு வாற நேரமெல்லாம் நான் றோல்ஸ் பொரிச்சுக் குடுத்தனான். தெரிஞ்சிருந்தால் உள்ளுக்கு மிளகாய்த்தூளை மட்டும் வைச்சுச் சுருட்டியிருப்பன்.

ஏன் சொல்லேல்லை? நான் சத்தம் போட்டு, அந்த வள்ளம் கிடைக்காமல் போயிடும் எண்டோ? அவரை உண்மையா மன்னிச்சனீங்களோ? அல்லாட்டி, குற்றம் செய்த மனுசன் கேட்ட நேரம் வள்ளம் தருவான் எண்டு கணக்குப் போட்டனீங்களோ? நல்ல மனுசனா, கெட்டிக்கார மனுசனா நீங்கள்? இத்தினை வருசம் பக்கத்தில படுத்தும் எனக்கு இது தெரியேல்லை.

பட்டயத்தை என்ர கையில தர ஊட்வார் வந்தார். நான் கையை நீட்டேல்லை.

"இப்ப இதைச் சொன்னது மனம் வருந்தியோ? இல்லாட்டி நான் படம் தரவேணும் எண்டோ?"

அவர் நல்லா யோசிச்சுப்போட்டு, "இரண்டும் எண்டு நினைக்கிறன், கௌரி" எண்டார்.

அண்டைக்கு நான் நம்பினது அந்த ஒரு சொல்லைத்தான். படத்தை எடுத்துக் குடுத்தன். இப்ப பலகையில முதல் நொர்ஸ்க், பிறகு மற்றப் பாசையள், எல்லாம் ஒரே அளவு எழுத்து. தமிழ் வசனம் நான் எழுதினது: "சின்ன மீனைத் திருப்பிக் கடலில விடுங்கோ. துலைச்ச வலையைத் தேடி எடுங்கோ." வலைக் கதை முதல் அவையின்ர வசனத்தில இல்லை. இப்ப எல்லாப் பாசையிலயும் இருக்குது. அண்ணர் அந்தப் பட்டயத்தின்ர படத்தை மலரின்ர முன் அட்டையில போடப்போறாராம். போடுங்கோ, ஆனால் இந்தக் கடிதத்தில ஒரு சொல் வெட்டாமல் உள்ளுக்குப் போடுங்கோ எண்டு சொல்லியிருக்கிறன்.

கூட்டத்தில இன்னுமொண்டு கேட்டனான். "இந்த வசந்தத்தில வலை இழுக்க ஆர் போனது?" ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பாத்தினம். ஒருத்தரும் போகேல்லை. நீங்கள் இல்லையெண்டோடன வேலையும் நிண்டுபோச்சு. பலகை நட்டால் கடல் சுத்தமாகுமோ? "வாற சனிக்கிழமை போவம், நானும் வாறன்" எண்டன். ஆரணி வாயைப் பிளந்தாள். ஃபெரியில ஏறினாலே சத்தி எடுக்கிற மனுசி நான்.

போனம். ஊட்வாரும் ஆரணியும் நானும். சத்தி எடுத்தன், இரண்டு தரம். மத்தியானத்துக்கு முதல் கொழுக்கியில பாரம் மாட்டிச்சுது. மூண்டு பேரும் சேர்ந்து இழுத்தம். பச்சைப் பாசி பிடிச்ச வலை, அதுக்குள்ள வெறும் ஓடாப்போன நண்டுகள், முள்ளு முள்ளா மீன். அதுக்கு நடுவில ஒரு பெரிய நண்டு உயிரோட. ஆரணி கத்திரிக்கோலால நூலை ஒவ்வொண்டா வெட்டி விட்டாள். அது அவளின்ர விரலைக் கடிச்சுப்போட்டுத்தான் தண்ணிக்குள்ள போனது. மிதப்பில இருந்த பேர் அழிஞ்சுபோயிருந்தது. நான் ஊட்வாரைப் பாத்தன். "இது என்ரையில்லை!" எண்டு கையை உயத்தினார்.

திரும்பி வரேக்க, "இப்பவாவது என்னை நம்புறீங்களோ?" எண்டு கேட்டார்.

"இல்லை. அடுத்த வசந்தமும் வருவன்."

இதை உங்களுக்கும் சொல்லுறன். எனக்குக் கால் வழங்குற வரைக்கும் ஒவ்வொரு வசந்தமும் அந்த வள்ளத்தில ஏறுவன். கடலில எனக்கு ஆசை வந்திட்டுது எண்டு நினைச்சுப்போடாதேங்கோ. நான் போகாட்டி அவையும் போகமாட்டினம், அதுதான். நீங்கள் ஆக்களை நம்பிக்கொண்டு செய்தனீங்கள், நான் நம்பாமல் செய்யப்போறன். கீழ வலைக்குள்ள கிடக்கிற நண்டுக்கு இரண்டும் ஒண்டுதான்.

உங்களையும் இப்ப கொஞ்சம் சந்தேகப்படுற,
உங்கட மனுசி,
ஆரணியின்ர அம்மா,
கௌரி