தமிழ்நாட்டுக் காற்று, காரைக்கால் மீட்டர்

கருக்களாச்சேரி,
14.9.2008

அன்பு மகள் தமிழரசிக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறோம், டெல்லியில் நீயும் வேளைக்குச் சாப்பிட்டு நலமாக இருக்க மாரியம்மன் துணை இருக்கட்டும்.

நம் ஐஸ் கம்பெனியை வியாழக்கிழமை விற்றுவிட்டோம். போனில் சொல்லத் தெரியவில்லை, அதனால் எழுதுகிறேன். வாங்கியவர் நாகூர்க்காரர், மெஷினை அன்றைக்கே கழற்றிக் கொண்டுபோய்விட்டார். பத்தொன்பது வருஷம் அந்த இரைச்சலிலேயே படுத்து எழுந்தவள், ஆனாலும் எனக்கு அழுகை வரவில்லை. மத்தி கழுவிக் குழம்பு வைத்தேன், உப்புப் போட்டேனா என்று தெரியவில்லை, அப்பாவும் அதையே சாப்பிட்டு எழுந்தார். அவர் இப்போது தங்கையன் படகில் கூலி ஆளாகப் போகிறார்.

கரண்ட் பில்தான் கம்பெனியைத் தின்கிறது, கயத்தாறு பக்கம் காற்றாலையில் பங்கு வாங்கினால் அந்தக் கரண்டை நம் பில்லில் கழித்துக்கொள்ளலாம் என்று நீ சொன்னாய், படகை விற்று வாங்கினோம். நமக்குக் கரண்ட் கம்பி தமிழ்நாட்டு வழியாகத்தானே வருகிறது என்று நானும் அப்பாவிடம் உனக்காக வாதாடினேன். நாம் புதுச்சேரி, வேறு ஆட்சி என்பது விலை குறைவு என்று எல்லை தாண்டி வாஞ்சூருக்குப் பெட்ரோல் போட வருகிற நாகப்பட்டினத்துக்காரனுக்குத் தெரியும், நம் மூன்று பேருக்கும் தோன்றவில்லை பார். காரைக்கால் கரண்ட் ஆபீசில் இருந்தவர் பேப்பரைப் புரட்டிவிட்டு, காத்து தமிழ்நாட்டுது, மீட்டரு நம்மளுது, கழிக்க ரூல் இல்லீங்கம்மா, நான் என்ன பண்றது என்றார். நல்ல மனுஷன், உட்காரச் சொல்லி டீ வாங்கிக் கொடுத்தார். சரி, அந்தக் கரண்டைத் தமிழ்நாட்டிலேயே விற்போம் என்றால் ஆடியில் நல்ல காற்று அடிக்கும்போது லைன் தாங்காது என்று காற்றாலையை நிறுத்தி வைத்துவிட்டார்களாம். இங்கே நாங்கள் முழு பில்லும் கட்டிக்கொண்டிருந்தோம்.

மாநிலம் விட்டு மாநிலம் காற்றாலைக் கரண்டைக் கழிக்க விதி எழுதுகிற வேலையில் இருக்கிறேன், அது முடிந்த பிறகுதான் ஊருக்கு வருவேன் என்று போன மாதமும் சொன்னாய். நன்றாக எழுது, யாருக்காவது ஆகும். நமக்கு இனிமேல் அது வேண்டியதில்லை, அதற்காக நீ வராமல் இருக்காதே. இரண்டு தீபாவளி போய்விட்டது. எங்களுக்கு உன்மேல் கோபம் என்று நீ நினைப்பது தெரியும். கோபம் இல்லை தமிழு, எதுவுமே இல்லை, அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது. உன் முகத்தைப் பார்த்தால் ஏதாவது வரும் என்று நினைக்கிறேன்.

நோய்நொடி இல்லாமல் நெடுநாள் இரு. குளிருக்கு முன்னால் கம்பளி வாங்கிக்கொள். ரயில் டிக்கெட்டை இப்போதே எடுத்துவிடு. திட்டு வாங்கவாவது ஒரு தடவை வந்துவிட்டுப் போ.

இப்படிக்கு,
உன் அம்மா
அஞ்சுகம்